கெட்டில் ஆற்றில் கரைந்த மலை

செமிலிங்,
18 மார்ச் 1979

அன்புள்ள பிரேமாவதிக்கு,

இங்கே நான், சிரில், அத்தை மூவரும் சுகம். அங்கே சீமைக் குளிரில் விரல் விறைத்துப்போய், தாதிப் பயிற்சியில் ஊசி போடவே தடுமாறுவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த நோயாளிகளை நினைத்தும் கவலைதான்.

முதலில் நீ சிரிக்க ஒரு செய்தி. கல்யாணமான புதிதில் நான் அத்தையிடம் வாங்கிய திட்டெல்லாம் சவர்க்காரத்தால் வந்தது. நம் ஊர் பாலிங்கில் நாம் துணி துவைப்பது உனக்கு மறந்திருக்காது. தேய்த்தாலும் தேய்த்தாலும் நுரை வராது, சாம்பல் நிறப் படலம்தான் வாளியில் மிதக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் பாதிக் கட்டியைத் தேய்த்துவிட்டேன். நுரை பொங்கி, குளியலறையைத் தாண்டி, கால்வாய் வழியாகப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு வரை போய்விட்டது. எத்தனை முறை அலசினாலும் வழுவழுப்பு போகவில்லை. அத்தை வாசலில் நின்று, "ஏம்மா, துணி துவைக்கிறியா, கேக்குக்குக் கிரீம் அடிக்கிறியா?" என்று கேட்டார். பருப்பும் அப்படித்தான். நம் ஊரில் இரவே ஊறவைத்தாலும் கல் மாதிரி கிடக்குமே, அந்தக் கணக்கில் அடுப்பில் வைத்தேன். கூழாகிவிட்டது. மருமகளுக்குச் சமையலே தெரியாது என்று மாதா கோயிலில் பாதிப் பேருக்குச் செய்தி போயிற்று.

இதையெல்லாம் சிரில் பட்டறையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்று பினாங்குப் பல்கலைக்கழகத்து டாக்டர் லிம் என்ற அம்மா, வழியில் நின்றுபோன தன் காரை அங்கே கொண்டுவந்திருந்தார். பின் இருக்கை நிறைய போத்தல், எல்லாவற்றிலும் ஆற்றுத் தண்ணீர். பாலிங்கில் ஒரு மாதிரி, செமிலிங்கில் ஒரு மாதிரி நுரை என்பதைக் கேட்டதும் காரை மறந்துவிட்டார். "உன் மனைவியை நான் பார்க்கணும்" என்று நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் மாவு பிசைந்த கையோடு நின்றேன்.

பிரேமா, எனக்கு வேலை கிடைத்துவிட்டது! பள்ளியில் பாரம் ஐந்தில் நாம் படித்த அறிவியல் வீணாகவில்லை. வாரம் ஒரு முறை மூன்று இடத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும். ஜெராய் மலையிலிருந்து காட்டுக்குள்ளேயே இறங்கி வரும் துப்பா ஓடை ஒன்று. அதே மலையில், மறுநடவுக்காக ரப்பர் மரங்களை வெட்டிய சரிவிலிருந்து வரும் ஓடை இரண்டாவது. கையடக்கமாக ஒரு கருவியும் தந்திருக்கிறார். தண்ணீரில் முக்கினால், அதில் கரைந்திருப்பதற்குத் தக்கபடி முள் நகரும்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மண்ணுக்குள் வேர்கள் மூச்சு விடுகின்றன. உதிர்ந்த இலையும் மக்கிக் காற்று விடுகிறது. சோடாத் தண்ணீரில் பொங்குவது இதே காற்றுதான். மழை அந்த மண்ணில் இறங்கும்போது காற்றைக் கரைத்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறி, கீழே உள்ள பாறையைத் தின்னத் தொடங்குகிறது. ஜெராய் கருங்கல் லேசில் கரையாது. அதனால் துப்பா தண்ணீர் கிட்டத்தட்ட மழைத் தண்ணீர், முள் அசைவதே இல்லை. பாலிங் மலையோ சுண்ணாம்புக் கல். நம் தேநீர்க் கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அது அந்த மலையேதான். கருங்கல்லிலிருந்து கொஞ்சமாகக் கரைந்து வருவதையும் புல் பூண்டு உறிஞ்சிக்கொள்ளுமாம். லாலாங் புல் கையை அறுப்பதற்குக் காரணம், அது ஓரங்களில் சேர்த்து வைத்திருக்கும் கல் சத்து என்றார். இதைக் கேட்டதிலிருந்து எனக்குப் புல்லைப் பார்த்தால்கூட மரியாதை வருகிறது.

மூன்றாவது இடம் எது என்று நீ ஊகித்திருப்பாய். நம் தோட்டத்துக்குப் பக்கத்தில், கெட்டில் ஆற்றுப் பாலம். அவர் சம்மதம் இல்லாமல் நான் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. சுங்கை பட்டாணி திருமணப் பதிவு அலுவலகத்தில் நீ எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அன்று, "ரெண்டு பிள்ளைகளும் என் வாசல மிதிக்கக் கூடாது" என்று சொன்னவர் அதிலேயே நிற்கிறார். அம்மா இல்லாத வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார் என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்து உன் அம்மா மருதம்மாள் சொல்லி அனுப்பினார். டாக்டரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. மூன்று இடத்துக்கும் சரி என்றுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சோறு கிடைக்கிறதா என்று எழுது.

உன் அன்புள்ள,
குணவதி


செமிலிங்,
25 நவம்பர் 1979

அன்பான பிரேமா,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படிக்காதே. உட்கார்ந்து படி.

வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் சிரிலும் நானும் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். பாலிங் போனதும் அவர் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கடையோரமாக நின்றுகொள்வார். நான் மட்டும் பாலத்தில் நடந்துபோய் வாளியை இறக்குவேன். அப்பா கண்ணில் அவர் படவேண்டாம் என்று நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு. சில வாரங்களாக அப்பா மறுமுனையில் வந்து நிற்பதைக் கவனித்தேன். நான் நிமிர்ந்தால் திரும்பிப் போய்விடுவார். தோட்டத்தில் இத்தனை ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், மகளைக் கண்டு ஓடுகிறார்!

போன ஞாயிறு மழை கொட்டித் தீர்த்தது. ஆறு பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் பாலத்தை முட்டுகிற மாதிரி ஓடியது. வெள்ளத்துத் தண்ணீர் கட்டாயம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாளியை இறக்கியதுதான் தெரியும், நீரோட்டம் அதைப் பாலத்துக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. விடவும் மனம் இல்லை, இழுக்கவும் முடியவில்லை. சிரில் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வர ஆரம்பித்தார். அதற்குள் என் தோளுக்கு மேலாக இரண்டு கைகள் வந்து கயிற்றைப் பிடித்தன.

"விடு. உன் கைக்கு இது அடங்காது."

அப்பா. ஒரு வருடம் ஆகப்போகிறது, பிரேமா, அந்தக் குரலை நான் கேட்டு. அவரைப் பார்த்ததும் சிரில் பாதிப் பாலத்தில் நின்று, மெதுவாகக் கடையோரத்துக்கே திரும்பிவிட்டார். அப்பாவும் நானும் சேர்ந்து வாளியை ஏற்றினோம். நான் போத்தலை நிரப்பும்போது அப்பா குடையை எனக்கு மேலே பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி, "எதுக்கு இந்தச் சேத்துத் தண்ணி?" என்று கேட்டார்.

சேற்றை வடிகட்டிவிடுவோம், தெளிந்த தண்ணீரிலும் கண்ணுக்குத் தெரியாமல் மலை கரைந்திருக்கிறது, அதைத்தான் அளக்கிறோம் என்றேன். அவர் திரும்பி மழைக்குள் மங்கலாகத் தெரிந்த பாலிங் மலையைப் பார்த்தார்.

"அப்ப பொறந்ததிலேருந்து நான் மலையைத்தான் குடிச்சிக்கிட்டு இருக்கேன்னு சொல்ற."

"ஆமாப்பா. நானும்தான்."

"அதான் ரெண்டு பேருக்கும் இவ்வளவு பிடிவாதம் லா" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மழையைத்தான் துடைத்தார் என்று வைத்துக்கொள். பிறகு, "கடையோரத்துல நிக்கிறது யாரு?" என்று தெரியாதவர் போலக் கேட்டார். சிரில் என்றேன். "மழையில நனையுறாரு. வரச் சொல்லு, வீட்டுல போய்த் துவட்டிக்கலாம்" என்றார். கவனித்தாயா? நனையுறான் என்று சொல்லவில்லை. நனையுறாரு. அந்த ஒரு எழுத்துக்காக நான் பாலம் முழுக்க ஓடினேன்.

வீட்டுக்குப் போய்த் தலை துவட்டியதும், கருவியை எடுத்து வெள்ளத் தண்ணீரில் முக்கிக் காட்டினேன். முள் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் நகர்ந்தது. அப்பாவுக்கு ஏமாற்றம். "இவ்வளவு தண்ணி ஓடுது, மலை இவ்வளவுதானா?" என்றார். மழை கலந்து நீர்த்துப்போயிருக்கிறது, ஆனால் ஆறு மொத்தமாக இன்று ஒரே நாளில் சுமந்துபோகும் மலை மற்ற நாளைவிட அதிகம் என்று விளக்கினேன். உடனே கிணற்றுத் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றார். முள் எகிறியது. அவருக்கு அப்படி ஒரு பெருமை! பிறகு கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணீர். முள் அசையவில்லை. அதற்குள் தோட்டத்து லயத்து வீடுகளில் செய்தி பரவி, ஆளுக்கொரு டம்ளரோடு வந்துவிட்டார்கள். ராக்காயி அக்கா இளநீர் கொண்டுவந்தார். உன் அம்மா சூடாக ரசம் கொண்டுவந்தார். ரசத்தில் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியதும் அவர் கைதட்டிக் குதித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "என் ரசத்துல ரெண்டு மலை இருக்குடி!" உப்பும் அதைத்தான் செய்யும் என்று சொல்ல வாயெடுத்தேன். சிரில் என் காலை மிதித்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு ஜெராய் ஓடைகளைப் பற்றி அப்பாவும் சிரிலும் வெகுநேரம் பேசினார்கள். மரம் வெட்டிய சரிவு ஓடையில், காட்டு ஓடையைவிட உரச் சத்து கூடுதலாகக் கரைந்து போகிறது. உறிஞ்சிக்கொள்ள மரம் இல்லாததால் மண்ணில் இருப்பதை மழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது என்று சிரில் சொன்னார். நடவுக்கு முன்னால் மண்ணை மூட ஒரு கொடியாவது படரவிட வேண்டும் என்று அப்பா சொல்ல, இவர் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க மாமா, ஆமாங்க மாமா" என்று தலையாட்டினார். எனக்கு எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா, மாமனாரும் மருமகனும் வேரைப் பற்றிப் பேசியது!

கிறிஸ்துமஸுக்கு அப்பா செமிலிங் வருகிறார். அத்தை இப்போதே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டார்.

இனி உனக்கான செய்தி. கிளம்பும்போது அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பிள்ளை பிரேமாவுக்கு எழுது. லீவுக்கு வந்தா முதல்ல நம்ம வீட்டுல வந்து சாப்பிடணும்னு நான் சொன்னேன்னு எழுது" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற உன் அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. இத்தனை நாளாக எங்கள் வீட்டுப் பக்கம் உன் பெயரை மெதுவாகத்தான் சொல்வார். அன்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எம்மவ பிரேமா வரப்போறா!" என்று கத்தினார்.

லீவு இல்லை, பரீட்சை இருக்கிறது என்று இரண்டு கடிதமாக எழுதுகிறாய். நான் நம்பவில்லை. எனக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டு வாசலையும் இழந்து தனியாக அங்கே உட்கார்ந்திருந்தது போதும். வா பிரேமா. விமானம் பினாங்கில் இறங்கும் நாளை மட்டும் எழுது. உன்னை அழைத்துவர யார் போவது என்ற சண்டை இங்கே ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

வழி பார்த்திருக்கும்,
குணவதி