வியாழக்கிழமை மறுபடியும்

ஹாலிஃபாக்ஸ், யார்க்‌ஷயர்
14 நவம்பர் 1955, திங்கள்

அன்புள்ள வில்ஃப்,

நான் நலம். நீயும் நலம்தான், நேற்று கண்ணாலேயே பார்த்துவிட்டேன். பதினெட்டு மாதம் புருஷனுக்கு ஒரு வரி போடாதவள் இன்று எழுதுகிறாள் என்றால் அதற்கு டெலிவிஷன்தான் காரணம்.

பக்கத்து வீட்டு ஆக்ராய்ட் குடும்பத்தார் வாங்கியிருக்கிறார்கள். தெருவே அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்காருகிறது. அறிவிப்பாளர் கோட்டும் டையுமாக வருகிறார் என்பதற்காக ஆக்ராய்ட் பெரியவரும் டை கட்டிக்கொள்கிறார். அவர் மாலை வணக்கம் சொன்னால் இவர் எழுந்து பதில் வணக்கம் சொல்கிறார். "உட்காருங்க, அந்த ஆளுக்குக் கேக்கவா போகுது?" என்று அந்த அம்மாள் அதட்டினால், "கேக்காட்டி என்னடி, நமக்கு மரியாதை தெரிய வேணாமா?" என்கிறார்.

சிரிக்காதே. நேற்றைய மாலையைப் பற்றிச் சும்மா சொல்லக் கூடாது. தோட்டக்காரர் ஒருவர் ரோஜாச் செடியின் கிளைகளைக் கழித்துக் காட்டினார். இனி என் செடி பக்கம் போகவே எனக்கு வெட்கம். சர்ச் நேரத்துக்கு நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். பிரார்த்தனையை முடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தோம். அப்புறம் ஒரு வித்தைக்காரர், பியானோ வாசிக்க ஒரு பெண். அடுத்ததற்கு ஆட்கள் தயாராகும்வரை வெறும் கடலலையைக் காட்டினார்கள். அதையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். ஒரு மாலைப் பொழுதை இவ்வளவு நேர்த்தியாகக் கட்டி வீட்டுக்குள் அனுப்புகிறவர்கள் யாரானாலும் கெட்டிக்காரர்கள்.

பிறகு நீ நடித்த நாடகம். அதில் நீ வாடகை அறையில் குடியிருப்பவன். வீட்டுக்காரராக வந்த கிழவர் பாதிப் பேச்சில் நின்றுவிட்டார். ஒரே அமைதி. "பெட்டி கெட்டுப்போச்சா?" என்று யாரோ கேட்டார்கள். அப்போது ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற நீ பேசினாய். எங்களுக்கு உன் பிடரிதான் தெரிந்தது.

"நானும் ஒருத்திய விட்டுட்டு வந்தவன்தான் ஐயா. ஸ்டேஷனுக்கு வந்தா. வழியில சாப்பிட ரொட்டி கட்டி, பொட்டலத்த நீட்டிக்கிட்டே நின்னா. நான் வாங்கல. மறந்துட்டேன்னு அவ நினைச்சிருப்பா. மறக்கல. வாங்கினா இறங்கிடுவேன்னு பயம்."

பொட்டலம் என்ற இடத்தில் உனக்குக் குரல் அடைத்தது. ஆக்ராய்ட் அம்மாள் என் பக்கம் திரும்பி, "ஏண்டி எனிட், இது உங்க கதையில்ல?" என்றாள். நான் கட்டிக் கொடுத்தது உனக்கு ஒரு பொருட்டே இல்லை என்றுதான் இத்தனை நாள் குமைந்துகொண்டிருந்தேன்.

அது எழுதித் தந்த வசனமா, நீயாகச் சொன்னதா? வேறு எதுவும் வேண்டாம், அதை மட்டும் எழுது. வியாழக்கிழமை மறுபடி போடும்போது ஆக்ராய்ட் அம்மாள் இன்னும் உன்னிப்பாகக் கேட்கப் போகிறாளாம்.

எனிட்


லண்டன்
15 நவம்பர், செவ்வாய்

என் எனிட்,

யாரும் எழுதித் தரவில்லை. பென்ஹாலோ பெரியவருக்கு வசனம் மறந்துபோய், பாவம், என்னைப் பார்த்து முழித்தார். நேரடி ஒளிபரப்பு, நாடே பார்க்கிறது. எனக்கு வாயில் வந்தது அது ஒன்றுதான். அத்தனையும் உண்மை. அன்று ரயிலில் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை வருவாயா? நீ பார்த்து ஒப்புக்கொண்டால் இங்கே ஒரு நல்ல வீடு இருக்கிறது. பகல் ரயிலில் வா, கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் நிற்கிறேன்.

ஆக்ராய்ட் அம்மாளிடம் சொல், படம் பிடித்து வைத்து மறுபடி "போடுவது" என்பதெல்லாம் இல்லை. வியாழக்கிழமை நாங்கள் எல்லாரும் திரும்ப வந்து முதலிலிருந்து நடிக்கிறோம். இதில் ஒரு சங்கடம். தயாரிப்பாளருக்கு நான் சொன்னது ரொம்பப் பிடித்துவிட்டது. நாடகத்திலேயே சேர்த்துத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார். நான் என்ன செய்யட்டும்?

உன் வில்ஃப்


ஹாலிஃபாக்ஸ்
16 நவம்பர், புதன்

என் வில்ஃப்,

வருகிறேன். கம்பள ஆலையில் மேஸ்திரியிடம் விடுப்பு வாங்கிவிட்டேன். "புருஷனப் பாக்கப் போறியா? பெட்டியிலதான் தெரியறானே!" என்று கிண்டல் பண்ணினான். பண்ணட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வியாழக்கிழமை அதைச் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை ஊரே கேட்டிருந்தாலும் நீ எனக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை சொன்னால் அது நாடகத்துக்குப் போய்விடும். தயாரிப்பாளரிடம் பேசு. கிழவருக்குத்தான் இப்போது வசனம் தெரியுமே, அவரே பேசட்டும்.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் எனிட்


ஹாலிஃபாக்ஸ்
18 நவம்பர், வெள்ளி

அன்புள்ள வில்ஃப்,

நேற்றும் அதே அறை, அதே கூட்டம். நாடகம் ஞாயிற்றுக்கிழமையைவிட நன்றாக இருந்தது. பென்ஹாலோ பெரியவர் நேற்று எதையும் மறக்கவில்லை; மறந்தவர்போல் நின்றார். எவ்வளவு அழகாக நின்றார்! நீ ஜன்னலைவிட்டுத் திரும்பினாய். முகம் முழுக்க விளக்கு விழுந்தது. முழுவதையும் ஒரு சொல் குறையாமல் சொன்னாய். பொட்டலம் என்ற இடத்தில் அதேபோல் குரல் அடைத்தது.

அறையில் அழாதவர்கள் இல்லை. ஆக்ராய்ட் பெரியவர் மூக்கைச் சிந்திவிட்டு, "மனுஷன்னா இவன் மனுஷன்" என்றார். நானும் அழுதேன். கேமரா எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருந்ததும் எனக்குத் தெரிந்தது.

என் கடிதம் நேற்றுக் காலைத் தபாலிலேயே உனக்குக் கிடைத்திருக்கும். இருந்தாலும் உன்மேல் கோபமில்லை. அந்த வேலையில் இருக்கிற எவனும் அதைத்தான் செய்வான், செய்யவும் வேண்டும். உனக்கு நடிப்பு வராது என்று ஸ்டேஷனில் முகத்துக்கு நேரே சொன்னவள் நான். அது தப்பு. நீ பெரிய நடிகன் வில்ஃப். இதைச் சொல்ல எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. ஆனால் நீ சனிக்கிழமை மேஜைக்கு எதிரே உட்கார்ந்து என்னிடம் ஒன்று சொன்னால், முதல் தடவை சொல்கிறாயா, இரண்டாம் தடவையா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்படி ஒரு குடும்பம் நடத்த என்னால் ஆகாது.

நாளைய ரயிலில் நான் இல்லை. கிங்ஸ் கிராஸில் நிற்காதே, குளிரும்.

உன் அடுத்த நாடகம் எந்த ஞாயிறு என்று பத்திரிகையில் போட்டுவிடுவார்கள். நீ எழுத வேண்டியதில்லை.

எனிட்