லாரி ஓட்டாதவள்

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்காலுக்கு நீ அனுப்பிய களிம்பு எரிகிறதே தவிர வலி அப்படியேதான் இருக்கிறது. நீ ஏற்பாடு செய்த பெண் மைக்கோடு வந்தாள். போரில் வேலை பார்த்த பெண்களின் நினைவுகளைப் பதிவு செய்கிறார்களாம், அருங்காட்சியகத்தில் ஊரே கேட்குமாம். பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் தப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தேன், பதிவில் என் குரலும் விழுகிறது என்று அந்தப் பெண் என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டாள். கதவிடுக்கில் பார்த்தால் உன் அம்மா சிரிக்கிறாள். அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு விளக்குப் போடாமல் ஆஸ்பத்திரி லாரி ஓட்டியதைச் சொல்லச் சொல்ல, இடது கால் கிளட்சை மிதிப்பதுபோல் தரையை மிதிக்கிறது. அதோடு விட்டாளா, "அந்த ரெண்டு வருஷந்தான் நான் மனுஷியா இருந்தேன், கல்யாணத்துக்கப்புறம் சாவியைத் தொடவே விடல" என்கிறாள். ஐம்பது வருடம் சோறு போட்டவனுக்கு இதுதான் மரியாதை. நாம் கார் வாங்கியபோதுகூடப் பின் சீட்டில் வாயைத் திறக்காமல்தானே வந்தாள், எல்லாவற்றையும் உள்ளே வைத்திருக்கிறாள், அமுக்குணி.

மறுநாள் மீதியைப் பதிவு செய்ய வந்தவளை வாசலிலேயே நிறுத்தினேன். என் வீட்டுக்காரிக்குப் புத்தி தடுமாறிவிட்டதம்மா, லாரியெல்லாம் ஓட்டவில்லை, ஆஸ்பத்திரியில் துணி துவைத்தாள், கூட இருந்தவள் கதையைத் தன் கதை என்கிறாள் என்றேன். வீட்டார் மறுத்தால் வைப்பதில்லையாம், அழித்துவிடுகிறோம் என்று எனக்கு ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே உன் அம்மா தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்தி, மைக் வைக்கும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ சொன்னது எதுவும் சரியில்லையாம், வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றேன். "நான் என்ன தப்பா சொன்னேன்" என்று பல நாள் கேட்டாள். நீ துவைத்ததுதானே உண்மை, லாரி ஓட்டியது இன்னொருத்தி என்று நானும் சலிக்காமல் சொன்னேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நேற்று டாக்டர் பேச்சுவாக்கில் போரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்து, "துணிதானே துவைச்சேன், இல்லையாங்க" என்று என்னையே கேட்டாள். ஆமாம் என்றேன்.

அருங்காட்சியகத்தார் உன்னைக் கேட்டால் நீயும் துணி என்றே சொல், ஆளுக்கொன்று சொன்னால் குடும்பத்துக்குத்தான் கேவலம். நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளைகள் குறைவில்லாமல் வளரட்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் லாரிப் பேச்சை எடுக்காதே, இப்போதுதான் அடங்கியிருக்கிறாள்.

எப்போதும் உங்கள் நன்மையே நினைக்கும்,
அப்பா