சுகந்தி கட்டிய வள்ளம்

மச்சான்,

இன்று காலை தோய்ப்பதற்காகச் சட்டையைக் கையில் எடுத்தேன். வள்ளத்துக்குப் பூசும் ரெசின் பசையின் மணம் மூக்கில் அடித்தது. எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. கண்ணைக் கரித்துத் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். நெஞ்சுவலி என்று நீ படுத்து, எழும்பாமலே போய் ஆறு மாதமாகிறது. நேற்று நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். பழையதிலிருந்து தொடங்கினால்தான் எனக்கே அது சரியாக விளங்கும்.

கல்லடி வாவிக்கரையில் நாம் பைபர் வள்ளம் கட்டிய பட்டறைக்குச் சுகந்தி வேலைக்கு வந்தாள். வேறொரு பட்டறையில் நான்கு வருடம் வள்ளத்தின் அச்சில் கண்ணாடி நார் விரித்துப் பழகிய கை. ஆனாலும் நம்முடைய தலைமை வேலைக்காரர், நாம் பாஸ் என்று கூப்பிடுபவர், அவள் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார். பத்து மணிக்குத் தேத்தண்ணியும் அவள்தான் ஊற்ற வேண்டும்.

ஒருநாள் அவள் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். பாஸ் எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சொன்னார்: "வள்ளம் வளைவா வரோணுமெண்டா இனி சுகந்தியைப் பாத்துத்தான் அச்சு எடுக்கோணும்."

எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்காமல் தூரிகையைக் கீழே வைத்தாய்.

"அதில என்ன பகிடி, பாஸ்? எனக்கு விளங்கல்ல. ஒருக்கா விளக்கிச் சொல்லுங்களன்."

"சும்மா... ஒரு பகிடிக்கு..." என்று பாஸ் இழுத்தார். நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய், உண்மையாகவே விளக்கம் எதிர்பார்ப்பவனைப் போல. அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார்.

பின்னேரம் குருக்கள்மடம் போகும் பஸ்ஸுக்காக நின்றபோது நீ என்னிடம் சொன்னாய்: "பாஸ் சொன்னது கூடப் பெரிசில்ல. நீயும் சிரிச்சாய் பாரு."

"எல்லாரும்தான் சிரிச்சாங்க," என்றேன்.

"ஓம். அதைத்தான் சொல்றன்."

எனக்குக் கோபம். இரண்டு நாள் உன்னோடு கதைக்கவில்லை.

நீயும் ஒரு தடவை சறுக்கினாய். "அந்தப் புள்ளக்கு அச்சு வேலையைக் குடுங்க பாஸ், பாவம்" என்று நீ கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது. விளக்குமாற்றோடு நேரே உன்னிடம் வந்தாள்.

"ஆரண்ணா பாவம்? என்ட வேலையை நான் கேட்டு எடுப்பன். நீங்க உங்கட ஆக்கள்ற வாயைப் பாத்துக்கொள்ளுங்க, அது போதும்."

உன் முகம் சுருங்கிப்போனது. பிறகு நீயே சிரித்தாய். "சரிதான் தங்கச்சி."

அவள் பட்டறை முதலாளியிடமே போய் அச்சு வேலையைக் கேட்டாள். "அவளுக்குக் கீழ ஆர் நிண்டு வேலை செய்யிற?" என்று பாஸ் இடையில் புகுந்தார். "நான் நிக்கிறன்," என்றாய் நீ. அன்றிலிருந்து அவள் நார் விரிக்க, நீ ரெசின் கலக்கிக் கொடுத்தாய். 'சுகந்திட எடுபிடி' என்று உனக்குப் பெயர் வைத்தார்கள். கூப்பிட்டால் "என்னடா?" என்று சாதாரணமாகத் திரும்பிப் பார்ப்பாய். நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னவர்களைத் தடுக்கவும் இல்லை.

நேற்று, தொடக்கம் முதல் முடிவு வரை அவளே பொறுப்பெடுத்துக் கட்டிய முதல் வள்ளத்தை வாவியில் இறக்கினோம். வாங்கியவர் ஒரு வயதான மீனவர். எல்லோரும் அம்மான் என்று கூப்பிடுவோம். தேங்காய் உடைத்து, கர்ப்பூரம் கொளுத்தி, தள்ளுவதற்காகச் சுற்றிக் கைவைத்தோம். சுகந்தியும் வைத்தாள்.

"பொம்புளையள் தள்ளி நில்லுங்க," என்றார் அம்மான். "முதல் நாள் பொம்புள கை படப்படாது."

அவள் கையை எடுத்தாள். நான்கு எட்டுப் பின்னால் போய் நின்றாள். நாங்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நீ நிற்க வேண்டிய இடம் என் பக்கத்தில் வெறுமையாக இருந்தது, மச்சான்.

"அம்மான்," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "இந்த வள்ளம் முழுக்க அவட கை பட்டதுதான். கை படப்படாதெண்டா நீங்க இதில ஏறவே ஏலா."

கால் நடுங்கியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அப்போது எதிர்ப்பக்கம் நின்ற பாஸ், ஆம், அதே பாஸ்தான், சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"இஞ்சால வா தங்கச்சி. இந்தப் பக்கம் பாரம் கூட."

அவள் வந்து தோளைக் கொடுத்தாள். வள்ளம் மணலைவிட்டு வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் நிமிர்ந்து நின்றது. அம்மான் அவளைப் பார்க்கவில்லை. வள்ளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கமும் சாயாமக் கிடக்கு," என்றார். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இதைச் சொல்லத்தான் இன்று பின்னேரம் உன் வீட்டுக்குப் போனேன். "அவனைப் போல எனக்குத் துணிவில்ல. கால் நடுங்கிப்போச்சு," என்றேன் உன் மனைவியிடம்.

அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "ஆருக்கு? அவருக்கா துணிவு? பாஸைக் கேள்வி கேட்ட அண்டைக்கு வந்து சோத்தைப் பிசைஞ்சிக்கொண்டே இருந்தாரு. வேலை போயிருமோ எண்டு ரெண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடவே இல்ல. மறுகா, போனாப் போகட்டும் எண்டு தானா மனசைத் தேத்திக்கொண்டாரு."

என்னிடம் நீ இதைச் சொல்லவே இல்லையே. உனக்குப் பயம் என்பதே கிடையாது, நீ வேறு பிறவி என்று நினைத்துத்தான் இத்தனை காலமும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நாளை இரண்டு பெண்கள் புதிதாக வேலைக்கு வருகிறார்கள். சுகந்திதான் பழக்கப்போகிறாள். யாராவது ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். எனக்கும் பயம் வரத்தான் செய்யும். நீயும் பயந்துகொண்டேதான் பேசினாய் என்பது இப்போது தெரியும். அது போதும், நாளை நானும் பேசுவேன்.