மூன்று பேருக்கும் நான்காம் நிலை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே நாங்கள் ஐந்து பேரும் நலம். உன் முட்டிவலி குறைந்திருந்தால் அதையும் எங்கள் நலத்தில் சேர்த்துக்கொள்கிறேன். ஃபோனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். அப்படியே விட்டாலும் நான் அழுதுவிடுவேன். கடிதம்தான் இரண்டு பேருக்கும் வசதி.

பாலத்து வேலை இன்னும் ஒரு வருடம் இழுக்கும் என்கிறார் இவர். அதற்குப் பிறகு இவர் ஓட்டும் கிரேன் எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்கு நாங்கள். மூன்று வருடத்தில் நான்கு பள்ளிக்கூடம் மாறிய பிறகுதானே பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று துணிந்தோம். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை போய் வருகிறேன். கடை எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. மாடியில் நாற்காலி நகர்ந்தால் எனக்குக் கேட்கும்.

இந்தப் பாடப்புத்தகத் தேர்வு என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. சாப்பாட்டு மேசை முழுக்க மாதிரிப் புத்தகங்கள். ஒரு மாதமாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம். ஒரு கம்பெனியின் புத்தகத்தில் படங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ‘பெற்றோர் உதவியுடன் செய்க’ என்று இருக்கும். பெற்றோருக்கு வேறு வேலையே கிடையாது என்று எழுதினவருக்கு நினைப்பு. இன்னொன்று முழுக்கக் கம்ப்யூட்டரில். நடுவிலவனை இப்போது வக்கீல் என்றுதான் கூப்பிடுகிறோம், வாயைத் திறந்தால் வாதம். அவன் இரண்டாம் நாளே பாடத்தை ஒரு பக்கம் ஓடவிட்டு இன்னொரு பக்கம் விளையாட்டைத் திறந்துகொண்டான். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அதில் ஏழு நிலைகள், ஒவ்வொரு நிலைக்கும் நான் தினம் இரண்டு மணிநேரம் பக்கத்தில் உட்கார வேண்டும். மூன்று பிள்ளைக்கு மூன்று நிலை என்றால் ஆறு மணிநேரம்.

அந்தத் திணறலில்தான் உன்னிடம் புலம்பினேன். பெரியவளை என்னிடம் அனுப்பு, நடந்தே போகிற தூரத்தில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, இருபதாம் தேதி நானே வந்து அழைத்துப் போகிறேன் என்றாய். நானும் சரி என்றேன். அவளிடம் சொன்னபோது, “சரிம்மா” என்றாள், அவ்வளவுதான். பன்னிரண்டு வயதில் இவ்வளவு சுலபமாகக் கிளம்புகிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்கூட வந்தது.

போன வாரம் அந்தக் கம்பெனியின் கணக்குத் தேர்வை வைத்தேன். எல்லா வயதுக்கும் ஒரே தாள். ஐம்பது கேள்வி, போகப் போகக் கடினம். எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்த நிலை என்று அட்டவணை பின்பக்கம் இருக்கிறது. பெரியவள் எழுத வேண்டிய தேவையே இல்லை. ஆனால் நானும் எழுதறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். மத்தியானம் வந்து திருத்தினால், வக்கீல் முப்பத்துநான்கு. பெரியவள் முப்பத்துமூன்று. ஏழு வயதுப் பொடிசு முப்பது. அட்டவணையில் பார்த்தேன். மூன்று பேருக்கும் நான்காம் நிலை.

காப்பியடித்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஒருத்தர் தப்பு இன்னொருத்தரிடம் இல்லை. பிறகு பெரியவளின் தாளை உற்றுப் பார்த்தேன். அக்கா, கண்ணாடி போட ஆசைப்படும் பிள்ளைகள் எங்கள் கடைக்கு வருவதுண்டு. எழுத்துப் பலகையைப் பார்த்து வேண்டுமென்றே தப்பாக வாசிக்கும். நிஜமாகவே கண் தெரியாதவர்கள் தடுமாறுவார்கள், நடுவில் இரண்டைக் குருட்டாம்போக்கில் சரியாகவும் சொல்லிவிடுவார்கள். நடிக்கிற பிள்ளை ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லாது. தெரிந்தால்தானே அவ்வளவு சுத்தமாகத் தப்பு விட முடியும்? பெரியவளின் பதினேழு தப்பும் அப்படித்தான் இருந்தன. ஒவ்வொன்றும் சரியான விடையைவிட ஒன்று கூடுதல்.

மூன்று பேரையும் கூப்பிட்டு நிறுத்தினேன். வக்கீல் உடனே, “யாரும் யாரையும் பாத்து எழுதலம்மா, இது பொய்யில சேராது” என்று ஆரம்பித்தான். பெரியவள்தான் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: “பெரியம்மாகிட்ட ஃபோன்ல நீ சொன்னியேம்மா, மூணு பேரும் ஒரே நிலையா இருந்தா சமாளிச்சிடுவேன், யாரையும் அனுப்ப வேண்டியிருக்காதுன்னு. புத்தகத்தைப் பாத்தா இவன் எப்படியும் நாலுலதான் வருவான். அதான் நான் இறங்கிட்டேன், இவளை ஏத்திட்டோம்.” எதற்காக எல்லாவற்றிலும் ஒன்று கூட்டினாய் என்று கேட்டேன். “சும்மா எதையாவது எழுதி, அது சரியாயிட்டா என்ன பண்றது?” என்றாள். அத்தனை விடையையும் முதலில் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு கெடுத்திருக்கிறாள், அக்கா!

பொடிசு ஏறியது இன்னும் பெரிய கதை. பதினாறு நாள், நான் கீழே இருக்கும் நேரத்தில், பெரியவள் அவளுக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். என் கையில் தாள் ஏதும் சிக்கிவிடக் கூடாது என்று சமையலறைத் தரையில், ஈர விரலால் எழுதி. படியில் என் காலடி கேட்கிறதா என்று வக்கீல் காவல். நான் வரும்போதெல்லாம் தரை ஈரமாக இருக்கும். பிள்ளைகள் சொல்லாமலே தரை துடைக்கிறார்கள் என்று கடையில் பெருமையடித்துக்கொண்டது நான்தான்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தொள்ளாயிரத்து முப்பத்தாறைப் பன்னிரண்டால் வகு என்றேன். பொடிசு டம்ளரில் விரலை நனைத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். வெயில் நேரம். அவள் கீழ்வரிக்கு வருவதற்குள் மேல்வரி காய்ந்து மறைந்துவிட்டது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் அந்தச் சின்ன மண்டைக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. “எழுபத்தெட்டு” என்று சொல்லிவிட்டு விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஏமாற்றியதற்கு நாலு வார்த்தை திட்டலாம் என்று இருந்தவள், இவர்களை நானா பெற்றேன், இவர்களுக்கா நான் நிலை தேடிக்கொண்டிருந்தேன் என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் இவர் மூன்று விடைத்தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். கிரேன் உச்சியில் உட்கார்ந்து எத்தனை தடவை பிரித்துப் பார்த்தாரோ.

பெரியவளை நிஜமாக எழுத வைத்தேன், ஐம்பதுக்கு ஐம்பது. இப்போது இப்படி முடிவு செய்திருக்கிறேன். கதை, அறிவியல், உலக வரலாறு மூன்றும் மூன்று பேருக்கும் ஒரே புத்தகம், ஒரே மேசை. கணக்கு மட்டும் அவரவருக்குத் தனி. பெரியவள் தானே படித்துத் தானே திருத்திக்கொள்வாள். கூட்டிப் பார்த்தால் மூன்றரை மணிநேரத்தில் அடங்குகிறது. தம்பி தங்கைக்கு வாத்தியார் வேலை இனி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அவளும் பிள்ளைதானே.

அக்கா, உன்னிடம் கொடுத்த வாக்கை மாற்றுகிறேன். அவளை அனுப்ப என்னால் முடியாது. அவளுக்காக அறையை ஒழித்து, மேசை வாங்கிப் போட்டிருப்பதாக நீ எழுதியதைப் படித்துவிட்டு, இதை எழுதாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். ஓய்வு பெற்ற பிறகு நீ முதல் மணியிலேயே ஃபோனை எடுத்துவிடுகிறாய். அதை நான் கவனிக்காமல் இல்லை.

கோபப்படு, திட்டு, எல்லாம் நேரில் வந்து செய். இருபதாம் தேதி நாங்கள் ஐந்து பேரும் ஸ்டேஷனில் நிற்போம். திரும்பிப் போக உனக்கும் அவளுக்குமாக இரண்டு டிக்கெட் எடுத்திருப்பாய். இரண்டையும் ரத்து செய்துவிட்டு வா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
தங்கை