வௌவால் பெட்டி

அன்பு மகளுக்கு,

பேரனுக்கென்று நான் கொடுத்துவிட்ட சிவப்புப் பெட்டி நேற்று லா சப்பலிலுள்ள என் அறைக்கே திரும்பி வந்துவிட்டது. "மாமா, அம்மா வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா" என்ற மருமகன், தேத்தண்ணிகூடக் குடிக்காமல் மெத்ரோ ரயிலுக்கு ஓடிவிட்டார்.

உன் மாமியார் சொன்னதும் காதுக்கு வந்தது. "பாழ் வீட்டிலை தொங்கிற வௌவாலைப் பிள்ளை பெத்த வீட்டுக்கு ஆரும் குடுப்பினமே?"

எட்டாம் வகுப்போடு நின்ற நான் இனிச் சீனக் கலைக்கு வாத்தியார் ஆகவேண்டியிருக்கிறது. நான் தூசி தட்டும் பழம்பொருள் கடையின் முதலாளி சொன்னதைச் சொல்கிறேன். சீனர்களுக்கு வௌவால் நல்வாழ்வின் அடையாளம். மூடியில் இருக்கும் ஐந்தும் ஐந்து பாக்கியங்கள், நடுவிலுள்ள பீச் பழம் நீண்ட ஆயுள். மரப்பாலில் சிவப்புச் சேர்த்து, ஒரு பூச்சுக் காய்ந்தபின் அடுத்ததாக நூறு பூச்சுப் பூசி, அந்தத் தடிப்பில்தான் இவ்வளவையும் செதுக்கியிருக்கிறார்கள். மூடியில் வெடிப்பு விழுந்ததால் எனக்குக் கிடைத்தது. அத்தனை பொறுமைக்கு உன் மாமியார் கொடுத்தது ஒரேயொரு பார்வை.

அதைக்கூடப் பொறுப்பேன். நான் கட்டிய நாடாவை ஒருவரும் அவிழ்க்கவில்லை என்பதுதான் எரிச்சல். உன் ஞானஸ்நானத்துக்கு அம்மா தைத்த வெள்ளைச் சட்டை உள்ளே இருக்கிறது. பேரப்பிள்ளைக்கென்று கண்மூடுமுன் அவளே எடுத்துவைத்தது.

சட்டையைத் தபாலில் போடலாம். போட்டால் ஞாயிற்றுக்கிழமை திரான்சியில் உங்கள் வீட்டுக்கு வர எனக்கு ஒரு சாட்டும் இராது. பேரனின் ஞானஸ்நானத்துக்கு அழைப்பும் இன்னும் வரவில்லை. ஆகவே கையில் கொண்டுவருகிறேன். வௌவால்கள் இங்கேயே இருக்கட்டும். என்னை மட்டும் உள்ளே விடச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா