ராணிக்குப் பேச்சு பூஜ்யம்

அன்புத் தம்பிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே ஏதோ கைகால் ஓடும்படி இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அவள் பெண்ணுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, சிரித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, உன் அப்பா நாளைக்கு நாளைக்கு என்று மூன்று மாதமாகச் சொல்கிறார். எனக்கு ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் அதே வேலைதான், கிழிந்த விரிப்புகளைத் தைத்துத் தைத்துக் கட்டைவிரல் மரத்துப்போகிறது.

நீ வேலை செய்கிற பகடையாட்டப் பத்திரிகை போன வாரம் வந்தது. கறுப்பு பிளாஸ்டிக் உறை, மேலே சிவப்பில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று அச்சு, தபால்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். மந்திரவாதியும் டிராகனுமாகப் பகடை உருட்டி ஆடுகிற ஆட்டத்தில் அப்படி என்னடா அசிங்கம் என்று பிரித்தால், நடுப்பக்கத்தில் நீ எழுதிய கோட்டை ஆட்டம். ஆடுகிறவர்கள் கோட்டைக்குள் புகுந்து கொடுங்கோல் ராஜாவை ஜெயிக்க வேண்டுமாம். அந்த ராஜா சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் வீசிவிட்டுப் பேசுகிற பேச்சைப் படித்ததும் எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. சனியன், மூதேவி எல்லாம் யார் வேண்டுமானாலும் திட்டுவது, எழுதக் கை கூசுகிற மற்றவையும் தெருவில் கேட்கக்கூடியவைதான். ஆனால் நான் வாயைத் திறந்தால் போதும், வெளக்குமாத்துக்கு வாய் மொளைச்சிருச்சு என்பாரே, ராஜா வாயிலும் அதே வரி, அது உன் அப்பா சொந்தமாகக் கண்டுபிடித்தது, வேறு எந்த வீட்டிலும் நான் கேட்டதில்லை. நீ மேசைக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பாய், உன் காதில் விழவில்லை என்று நினைத்திருந்தேன், பாவி நான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா, உன் அப்பா அதை ஒரு வரி விடாமல் படித்து வயிறு குலுங்கச் சிரித்தார். தான் வேலை பார்க்கிற பஸ் டிப்போவுக்கு எடுத்துக்கொண்டு போய் எம் பையன் எழுதினது என்று மெக்கானிக்கிலிருந்து மேனேஜர் வரை காட்டினார். மேனேஜர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, என்னங்க வாய் இப்படி நாறுது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அன்றிலிருந்து எனக்கு நச்சரிப்பு. பெரியவங்க படிக்கிறதுன்னாலும் ஒரு நாகரிகம் வேணாமா, இவன் வாயில இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு, நான் அப்படியா வளர்த்தேன், கெட்ட வார்த்தையக் குறைக்கச் சொல்லி நீயே எழுது என்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ராஜா தான்தான் என்று அந்த மனுஷனுக்குத் தெரியவே இல்லை. சரி, சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

இனி என் வழக்கைக் கேள். ராஜாவுக்கு ஒரு பக்கம் முழுக்க வசனம், கதவோரம் நிற்கிற ராணிக்கு ஒரு சின்னக் கட்டம், அதில் அவளுக்கு நீ போட்ட மதிப்பெண். பலம் ஒன்று, தந்திரம் பூஜ்யம், பேச்சு பூஜ்யம். இவளிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம், எதுவும் கிடைக்காது, தாண்டிச் செல்லவும் என்று கீழே குறிப்பு வேறு. அவர் முப்பது வருஷம் திட்டியது எனக்கு இவ்வளவு வலிக்கவில்லையடா. நீ மேல்படிப்புக்கு வாங்கி வந்த விண்ணப்பத்தை அவர் நாலாகக் கிழித்துப் போட்டாரே, மறுநாள் கிடங்கில் தலைவலி என்று பொய் சொல்லி, இரண்டு பஸ் மாறிப் போய் வேறொன்று வாங்கி வந்தது யார்? அப்பா மனசு மாறிக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றேன், நீயும் நம்பினாய். அவர் போடவில்லை. அவருடைய பழைய சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்து, விரிப்பு எண்ணுகிற நோட்டின் பின்பக்கத்தில் நாற்பது தடவை எழுதிப் பழகி நான் போட்டது. உனக்கு இடம் கிடைத்து நாலு பேர் வந்து கையைக் குலுக்கியதும் நான்தான் அனுப்பி வைக்கிறேன் என்று மார்தட்டினார், கையெழுத்துப் போட்டது யார் என்று இன்றுவரை கேட்கவில்லை. தந்திரம் பூஜ்யமாம்!

ஆகவே அவர் சொன்னதைக் கேட்காதே, கெட்ட வார்த்தையில் ஒன்றைக்கூடக் குறைக்க வேண்டாம், நடந்ததைத்தானே எழுதினாய். அடுத்த இதழில் அந்தக் கட்டத்தைத் திருத்து. முடியாது என்றால் ராணியை எடுத்தே விடு, அப்படி அவள் அங்கே நிற்க வேண்டாம்.

கோபம் இருக்கிறது, ஆனாலும் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அதில் மாற்றம் இல்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, அக்காவுக்கு போன் போட்டு ஒரு வார்த்தை வாழ்த்திவிடு. இன்னொன்று, உனக்குத் தெரியாது, என் கடிதம் ஒவ்வொன்றையும் உன் அப்பா படித்துப் பார்த்துத்தான் உறையை ஒட்டித் தபாலில் போடுவார். ஆஸ்பத்திரி வாசலிலேயே தபால்பெட்டி இருக்கிறது, நானே போட்டுவிடலாம். போடப்போவதில்லை. இதையும் ஒட்டாமல் அவர் கையில்தான் கொடுக்கப்போகிறேன். இது உன்னிடம் வந்து சேர்ந்தால், அவர் படித்துவிட்டார் என்று அர்த்தம்.

உன்னைப் பெற்ற
அம்மா