சூளைச் சுண்ணாம்பு

உன் மகள் இன்று அந்தப் பால்டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூடியில் உன் கையெழுத்தில் என் பெயர். உள்ளே அரியலூர்ச் சூளைச் சுண்ணாம்பு, கட்டியெல்லாம் மாவாகிக் கிடந்தது. திறந்ததுமே மூக்கு எரிந்தது. வயிறும்தான் எரிகிறது. செத்த பிறகா அனுப்புவாய், பாவி?

எழுபதுகளின் கடைசியில் திருச்சி ஆய்வுக்கூடத்தில் நம் இருவருக்கும் ஒரே மேசை. பெரம்பலூர்க்காரி நான், அரியலூர்க்காரி நீ. நிக்கல் சேர்மம் ஒன்றை வினையூக்கியாக வைத்து, சேரவே சேராத இரண்டு கரிமப் பொருள்களை நீ சேர்த்துக் காட்டினாய். மூன்று முறை, என் கண் முன்னால். பிறகு பேராசிரியர் தானே செய்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"நோட்டுல பொய் எழுதறியாம்மா?" என்றார், அத்தனை பேர் முன்னிலையில். நீ நோட்டை மூடி வைத்தாய். அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாய்.

எனக்கு விஷயம் பிடிபட மூன்று வருஷமாயிற்று. வினையில் உண்டாகும் அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு போடுவோம். அவர் போட்டது கம்பெனி பாட்டிலில் வந்த சுத்தச் சுண்ணாம்பு. நீ போட்டது, பாட்டில் தீர்ந்திருந்த சமயம் உன் அப்பா சூளையிலிருந்து கொண்டுவந்தது. அதில் கலந்திருந்த ஏதோ ஓர் உலோகம்தான் நிக்கலுக்குத் துணை நின்றிருக்கிறது. நீ நோட்டில் வெறுமனே 'சுண்ணாம்பு' என்று எழுதியிருந்தாய்.

அரியலூருக்கு ஓடிவந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சுண்ணாம்பு நீரில் ஊதச் சொல்லிக்கொண்டிருந்தாய். சுண்ணாம்பு விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்டி. சார் கேட்ட அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சுமா சொல்லல? பைத்தியமாடி உனக்கு?"

"எங்கப்பா சூளையில வேல பாக்குறாருன்னு எப்படிடி சொல்றது? அவரு அந்தப் பால்டப்பாவ எடுத்தாந்தப்ப, 'வெத்தலைக்கா?'ன்னு கேட்டுச் சிரிச்சது நீதானே. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பா வாசல்லதான் நின்னாரு."

பிறகு, "வேணும்னா நீ செஞ்சுக்க, சுண்ணாம்பு தரேன்" என்றாய். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அதை வைத்துத்தான் எனக்கு டாக்டர் பட்டம். உனக்கு நன்றியுரையில் ஒரு வரி.

அந்தப் பேராசிரியரை இன்றும் மன்னிக்கவில்லை. உன் மேலும் கோபம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னடி? இப்போது என் மாணவர்கள், எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்று எழுதாமல் நோட்டை நீட்டினால் முகத்தில் விட்டெறிவேன். சிடுமூஞ்சிக் கிழவி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

டப்பாவை நீட்டிய உன் அப்பாவின் கை, என் சிரிப்பைக் கேட்டதும் பின்னால் போனது. நான் அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் சிரித்தேன்.